விற்ற கடன்

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் கடன்களை
ஜூன் மாதம் மெம்ஃபிஸ் வங்கிக்கு விற்றோம்.
விற்றோம் என்றுதான் பேரேட்டில் இருக்கிறது.
சொத்துப் பத்தியிலிருந்து அவை இறங்கின,
காசு வந்தது, லாபம் வந்தது,
முதலாளி வெண்டல் ஸ்ட்ரிக்லின் புதிய பிக்கப் வாங்கினார்.

ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம் மட்டும்
வேறு குரலில் பேசும்:
வாங்கியவர் தொண்ணூறு நாள் தவணை தவறினால்
கடன் எங்கள் வாசலுக்கே திரும்பி வரும்.
வித்தாச்சு, ஆனால் தலைமுழுகவில்லை.

எப்படிச் சொல்ல.
இந்த அலபாமாத் தொழிற்சாலையில்
வீடு சக்கரத்தோடுதான் பிறக்கிறது.
நெடுஞ்சாலையில் மஞ்சள் பதாகை கட்டிப் போய்
யாருடைய நிலத்திலோ இறங்கியதும்
டயரைக் கழற்றி எடுத்துக்கொள்வோம்.
அச்சு அடியிலேயே கிடக்கும்.
சுற்றிலும் வினைல் தகடு அடித்து மறைத்துவிட்டால்
வீடு வீடாகிவிடும்.
அச்சின் மேல் உறங்குவது பிள்ளைகளுக்குத் தெரியாது.
பூனைக்குத் தெரியும்.

அந்த அச்சுக்கு நான் தரும் பெயர்
மீள்பொறுப்பு ஒதுக்கீடு.
பொறுப்புப் பக்கம், ஆறாவது வரி.
திரும்பி வராத கடனுக்காகவும்
கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்த பணம்.
இதுவரை ஆறு சதவீதம்.

பர்மிங்ஹாமிலிருந்து தணிக்கைக்கு வந்தவள்,
ஆட்ரா கெஸ்லர், சளிக்கு மிட்டாய் சப்பிக்கொண்டே கேட்டாள்:
"இந்த வருஷம் எட்டரை போட்டிருக்கிறீர்கள். ஏன்?"

அக்டோபரில் கோழி ஆலை இரவு ஷிப்டை நிறுத்தியது.
காலை ஐந்து மணிக்கு அந்த வழியாகத்தான் வருகிறேன்.
முன்பு வண்டி நிறுத்த இடமிருக்காது,
இப்போது விளக்கைக்கூட அணைத்துவிட்டார்கள்.

"ஆவணம்?"

இருட்டுக்கு வவுச்சர் கிடையாது.

எண் 4471-ஐ எடுத்துக் காட்டினேன்.
நெல்டா பர்கம், இரவு ஷிப்ட், எலும்பு நீக்கும் பிரிவு.
நான்கு வருடம் ஒரு தவணை பிசகியதில்லை;
பிறகு மூன்று, வரிசையாக.
மெம்ஃபிஸ்காரன் நான்காவது மாதம் காத்திருக்கவில்லை.
நாங்கள் பாக்கியைக் கட்டி, கடனைத் திரும்ப வாங்கி,
வீட்டையும் இழுத்து வந்தோம்.
அறுபத்தொரு மைல் இழுவைக் கூலி,
புது டயர் எட்டு, ஒரு பூட்டு.
உள்ளே செலவே இல்லை.
தரையைத் துடைத்து வைத்திருந்தாள்.
அடுப்பின் மேல் ஒரு சீட்டு:
இடப்பக்க பர்னருக்குத் தீக்குச்சி வேண்டும்.
அடுத்து வருகிறவருக்கு.

நஷ்டம் பதினொன்றாயிரத்து நானூறு.
அதை ஒதுக்கீட்டில் கழித்தேன்.
லாபத்தைத் தொடவில்லை;
ஜூன் லாபம் ஜூனிலேயே
தோல் இருக்கையில் உட்கார்ந்துவிட்டது.

இழுவை ஓட்டுநர் டூயி ஒரு படம் அனுப்பியிருந்தார்.
சிமெண்டுக் கட்டைகள், நான்கு வரிசை.
புல் வெளுத்துப் போன ஒரு நீள்சதுரம்.
அதன் ஓரத்தில், நெல்டாவின் கணவருடைய
சக்கர நாற்காலிக்காக யாரோ அடித்துக் கொடுத்த
பைன் மரச் சரிவுப்பாதை.
முப்பதடி ஏறி,
ஒரு கைப்பிடி வளைவு திரும்பி,
வாசல் இல்லாத இடத்தில் நிற்கிறது.
ஈட்டுப் பட்டியலில் அது இல்லை.
எங்களுடையதல்ல, அதனால் விட்டு வந்தோம்.

ஆட்ரா அந்தப் படத்தை வெகுநேரம் வைத்திருந்தாள்.
பிறகு மிட்டாயைக் கடித்து நொறுக்கி,
"இது சதவீதத்துக்குச் சான்றாகாது" என்றாள்,
பாவம், மெதுவாகத்தான் சொன்னாள்.

ஏழேகாலில் முடித்தோம்.
நிர்வாகத்தின் மதிப்பீடு என்று ஒரு வரி எழுதி
கையொப்பம் வாங்கிக்கொண்டாள்.

ஏழேகாலுக்கும் எட்டரைக்கும் நடுவே ஒன்றேகால்.
அது எந்தத் தலைப்பில் போகும் என்று
அவளும் கேட்கவில்லை, வெண்டலும் கேட்கவில்லை.
வெளியே மழை, பனியாகத் துணியாத மழை.
பச்சைப் பைன், நன்றாக ஊறும்.