பத்தொன்பது

தேர்தல் முடிந்து மூன்றாம் நாள்
பலகைகளைப் பிடுங்கக் கிளம்பினோம்.
சிகாகோவில் பிப்ரவரி மண்
எதையும் லேசில் திருப்பித் தராது.
கம்பிக் கால்கள் உறைந்துபோய்
வேர் விட்டதுபோல் நிற்கின்றன.
வெர்னிடா தன் பெயரை
இரண்டு கையாலும் பிடித்து
முன்னும் பின்னும் ஆட்டுகிறாள்,
பால்பல்லை ஆட்டும் பிள்ளைபோல.

வேன் ஓட்டுவது நான்.
அவளுடைய பழைய கணவனின் தம்பி.
விவாகரத்தில் தன் பங்குக்கு
என்னை எடுத்துக்கொண்டதாகச் சொல்வாள்.

இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள்.
இந்த வார்டின் ஒவ்வொரு பள்ளத்தையும்
இடுப்பெலும்பால் அறிந்தவள்.
அதைத்தான் பேசினாள்,
சலவைக்கடையில், பௌலிங் கூடத்தில்,
சூப் ஆறிக்கொண்டிருந்த தேவாலய நிலவறையில்.
மல்கேஹி எதுவும் பேசவில்லை.
அவன் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து
குழிந்துபோன நாற்காலி
அவன் அளவுக்கே இருந்தது.

அவனுக்கு ஏழாயிரத்து நாற்பத்தொன்று.
இவளுக்கு ஏழாயிரத்து இருபத்திரண்டு.
"பத்தொன்பது பேர்" என்றாள் அன்றிரவு,
"மழை நாளில் ஒரே நிறுத்தத்தில் ஏறுவார்கள்."
அப்புறம் கோட்டைக் கழற்றாமலே தூங்கிப்போனாள்.

கீலர் அவென்யூவில் எல்லோரும்
அவளுக்குத்தான் போட்டார்களாம்.
டைல்ஸ் ஒட்டும் ஸ்பிக்னியேவ் போட்டாராம்,
அவர் மனைவி, மச்சினன், மச்சினனின் முதலாளி.
"இப்படியே போனால்
மதியத்துக்குள் ஜெயித்துவிடுவேன்" என்றாள்.

இசித்ரோ மட்டும் உண்மை சொன்னான்.
மருத்துவமனை இரவு வேலை முடிந்து
பச்சைச் சீருடையோடு படியில் நின்றான்.
"வரிசை நீளமாக இருந்தது.
திரும்பி வந்துவிட்டேன்."
அவள் அவன் தோளைத் தட்டினாள்.
வேனில் ஏறிக் கதவைச் சாத்தி
"ஒன்று" என்றாள்.
மற்ற பதினெட்டைப் பற்றி
அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

அடுத்த தெருவில்
யாரோ பனியை வாரி
கார் நிறுத்த இடம் செய்து,
இரண்டு சமையலறை நாற்காலி போட்டுக்
காவல் வைத்திருந்தார்கள்.
வாரியவருக்கே இடம்.
எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத,
இந்த ஊரில் எல்லோரும் மதிக்கும் சட்டம்.
நாற்காலிகளின் மேல் குறுக்கே
வெர்னிடாவின் பலகை,
அவள் சிரிப்பின் மேல் கொஞ்சம் பனி.
நான் இறங்கப் போனேன்.
"விடு" என்றாள்.
"ஒரு இடமாவது
என் பேரில் பிடித்திருக்கிறது."

நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியது.
மூலை வீட்டு நிலவறை ஜன்னலில் கண்ணாடி இல்லை,
அவள் பலகை இருந்தது,
பெயர் உள்பக்கம் பார்க்க.
தட்டுவதற்குள் கதவு திறந்தது.
குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி ஒரு பெண்,
"இது திரும்ப வேண்டுமா?" என்றாள்.
பிறகு, கேட்காமலே,
தப்பை ஒப்புக்கொள்கிறவள்போல:
"எனக்கு ஓட்டு கிடையாது."

வெர்னிடா மண்டியிட்டுப்
பலகையின் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தாள்.
"காற்று வருகிறதே."
எதிர்ச் சாரியில் மல்கேஹியின் பலகை,
இவளுடையதைவிட இரண்டு மடங்கு கெட்டி,
அவனிடம் காசு இருந்தது.
நேராகப் போய்
அசைத்து அசைத்துப் பிடுங்கி வந்தாள்.
தன் பெயரின் மேல் அவன் பெயரை வைத்து
நாலு பக்கமும் டேப் ஒட்டினாள்.
"திருட்டு" என்றேன்.
"வார்டுப் பணி" என்றாள்,
பல்லால் டேப்பை அறுத்தபடி.

திரும்பும்போது தெருவே கறுப்பு.
மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை.
டார்ச் அடித்துக் கம்ப எண்களை எழுதிக்கொண்டு
மாநகராட்சிக்குப் போன் போட்டாள்.
உங்களுக்கு முன்னால் நாற்பது பேர்
காத்திருக்கிறார்கள் என்றது இயந்திரம்.
பிறகு ஏதோ பியானோ.

நான் என்ஜினை அணைத்தேன்.
பெட்ரோல் என் காசு.
பின்னால் அடுக்கிய பலகைகளிலிருந்து
பனி உருகிச் சொட்டுகிறது.
முப்பத்தெட்டு என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
முப்பத்தேழு.