நாடா முடிகிற இடம்

என் வேலை தூரம் அளப்பது.
லென்சிலிருந்து ஒரு முகம் வரைக்கும்
நாடாவை இழுத்துப் பிடித்து
வளையத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு போடுவேன்.
அறுபது சென்டிமீட்டர் என்றால் மனைவி.
இரண்டு மீட்டர் நாற்பது, அடுத்த வீட்டுக்காரன்.
ஒன்பதைத் தாண்டினால் போலீஸ், இல்லாவிட்டால் கடவுள்.
எனக்குச் சம்பளம் ஒன்றுதான்.

சியாத்துராவில் பிப்ரவரி.
மாங்கனீசு படிந்த பள்ளத்தாக்கு.
மை கொட்டியதுபோல் கீழே க்விரிலா ஆறு.
மேலே கம்பியில் தொங்கும் இரும்புப் பெட்டி:
நாலு பேர் ஏறலாம்,
ஐந்தாவது ஆளை லியானா திட்டி இறக்குவாள்.
விசை அவள் கையில்.

காட்சி நாற்பத்தொன்று.
தாளில் இருந்தது இவ்வளவுதான்:
அவன் மேடையில் நிற்கிறான். பெட்டி நகர்கிறது.
அவள் சிறுத்துப் போகிறாள்.

ஆறு முறை எடுத்தோம்.
ஆறு முறையும் வாஜா அழுதான், நன்றாகவே அழுதான்,
மூக்கு நுனியில் ஒரு துளி நின்று
வெளிச்சம் வாங்கியது.
நெஸ்தான் மானிட்டரை விட்டு எழுந்து
வாயில் ரொட்டியோடு சொன்னாள்:
"போகிறவள் கண்ணில் வையுங்கள் கேமராவை."

"அப்படியானால் நான்?" என்றான் வாஜா.
"நீ ஒரு புள்ளி."
"என் அழுகை?"
"அங்கிருந்து தெரியாது.
அழு, வேண்டாம் என்று சொல்லவில்லை."

பெட்டிக்குள் சிரா,
கேமராவைத் தோளில் ஏற்றிய குராம், நான்,
மூலையில் குந்தியபடி ஒத்தார், எழுதியவன்.
சிராவுக்கு இனி முகம் கிடையாது.
அவள் மூச்சு மட்டும் வேண்டும், ஒலிக்கு.

ஒத்திகைக்காக
நாடாவின் கொக்கியை
வாஜாவின் கோட்டுப் பொத்தானில் மாட்டியிருந்தேன்.
மூன்று. ஏழு. பன்னிரண்டு.
பதினைந்தில் நாடா தீர்ந்தது,
விர்ரென்று என் கைக்கே திரும்பி வந்தது
பொத்தானோடு.
அதற்கப்பால் வளையத்தில் ஒரே குறி:
படுத்துக்கிடக்கும் எட்டு.

ஏழாம் முறை, நிஜமாகவே.
வாக்கிடாக்கி கரகரத்தது, நெஸ்தான்:
"ஒத்தார், இப்போது எங்கே பார்க்கிறாள்?"

கம்பி முனகியது.

"ஆற்றையா? அவனையா? எதிர்க்கரைக் குடியிருப்பையா?
குராமுக்குத் திசை வேண்டும்."

பதினோரு வருடமாக
இந்தக் காட்சியைத் திருத்தித் திருத்தி எழுதியவன்.
மேடைப் பலகையில் எத்தனை ஆணி,
அவள் பையில் பிதுங்கிய பச்சைக் கம்பளி,
அவன் எந்தக் கையில் சிகரெட் வைத்திருந்தான்,
எல்லாம் முந்தைய பிரதிகளில் உண்டு.
"தெரியாது" என்றான்.
அப்புறம், வாக்கிடாக்கியை மூடிக்கொண்டு,
"எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது."

சிரா ஒன்றும் சொல்லாமல்
குராமின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.
வாஜா சட்டகத்தை விட்டு நழுவினான்.
கொஞ்சம் ஆறு, கொஞ்சம் துரு,
எதிரே இறங்கி வந்த இன்னொரு பெட்டி.
உள்ளே உருளைக்கிழங்கு மூட்டைமேல் ஒருத்தி,
எங்கள் ஆள் இல்லை,
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
எட்டு மீட்டர், ஆறு, மூன்றரை,
வெறும் கண் மதிப்பில் வளையத்தைத் திருப்பினேன்.
ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு
நேராக லென்சைப் பார்த்தாள்.
மறுபடி ஆறு, எட்டு,
படுத்துக்கிடக்கும் எட்டு.
சிரா மூச்சை அப்போதுதான் விட்டாள்.

திரும்பி வந்தபோது
வாஜா இன்னும் அழுதுகொண்டிருந்தான்.
கட் சொன்னது அவன்வரை போகவில்லை.
பொத்தானைக் கொடுத்தேன்.

ஒத்தார் மட்டும் இறங்கவில்லை.
கேமரா இல்லாமல் இன்னொரு தரம் போகமுடியுமா என்று
லியானாவைக் கேட்டான்.
அவள் கையை நீட்டினாள்,
கட்டணத்துக்கு.