தலைகீழ் ஆறு

கோயில்வாடி டீசல் பங்கில் விலைப்பலகை தகரம்,
எண்களும் தகரம்.
சங்கம் வாங்கித் தந்த பெட்டியில்
எல்லா எண்ணும் இரண்டிரண்டு இருந்தன.
ஒரு ஒன்பதைப் போன வருஷத்துப் புயல் கொண்டுபோயிற்று.
மண்டபத்துக்குக் கிழக்கே ஏதோ ஒரு நண்டு
அதன் வளைவில் குடியிருக்கலாம்.

விலை தொண்ணூற்றொன்பதைத் தொட்ட அன்று
ஓர் ஆறைத் தலைகீழாய்த் திருப்பினேன்.
ஆணியில் மாட்டும் ஓட்டை கீழே போய்விட்டது.
மேல் முனையைக் கம்பியால் இழுத்துக் கட்டினேன்.
பைசாவுக்குப் பலகையில் இடமில்லை.
அதை நான் வாயால் சொல்வேன்.

நான் ஜெசிந்தா, கணக்கெழுதுகிறவள்.
மாதம் பிறந்து பத்து நாளில்
மானியப் புத்தகத்தில் கட்டங்கள் நிரம்பிவிடும்.
மிச்ச நாளெல்லாம் பலகை சொன்னதுதான் விலை.

எமரிட் அண்ணன் படகில் ஆறு பேர்.
மீன் விற்ற காசில் முதலில் டீசல்,
பிறகு ஐஸ், பிறகு படகு,
அப்புறம்தான் ஆட்கள்.
"வலை இழுக்க மாட்டான், வாந்தி எடுக்க மாட்டான்,
நேவிக்காரன் லைட் அடிச்சா குனிய மாட்டான்.
முதல் பங்கு மட்டும் அவனுக்கு"
என்பார், பேரலைத் தட்டி.
போன சனிக்கிழமை ஆளுக்கு நூற்று நாற்பது ரூபாய்,
கைக்கு ஒரு கூடை சங்காயம்.

எதிரே டீக்கடை டிவியில்
நான்கு கட்டம், நான்கு முகம்.
ஒருவர் கலால் வரி என்றார்.
ஒருவர் அது இல்லை, மாநில வரி என்றார்.
ஒருவர் பீப்பாய், டாலர், எங்கோ நடக்கும் போர்.
நான்காமவர், கண்ணாடி போட்டவர்,
வளைகுடாவுக்கு அடியில் எரிவாயு கிடக்கிறது,
தோண்ட விட்டால் விலை தானாய் இறங்கும் என்றார்.
"எங்க, பாருக்கு அடியிலயா?"
கிளாஸ் கழுவுகிற பையன் கேட்டான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
களஞ்சியம் மட்டும், "தோண்டட்டுமே,
எம் மகனுக்கு அதுல ஒரு வேலை" என்றார்.
எமரிட் கிளாசோடு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்.
இருவரும் சம்பந்திகள்.

ராத்திரி கச்சான் எழும்பியது.
கம்பி அறுந்ததை நான் பார்க்கவில்லை.
விடியுமுன் டோக்கன் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள்:
அறுபத்தொன்பது.

கேன்கள் ஓடி வந்தன என்றுதான் சொல்ல வேண்டும்,
ஆட்கள் அவற்றின் பின்னால்.
நீலக் கேன், வெள்ளைக் கேன்,
பினாயில் வாசம் போகாத கேன்.
நான் சாவியோடு வந்து சேர்வதற்குள்
டெல்லிக் கட்சி பூமிபாலன்
"எங்க ஆளு குறைச்சிட்டாரு" என்று கத்தியாயிற்று.
சென்னைக் கட்சி வில்லாயுதம்
"வரியை விட்டுக்கொடுத்தது நாங்கடா" என்று
அவர் சட்டையைப் பிடித்தாயிற்று.
வெடி வாங்க ஆள் போயாயிற்று.
எரிவாயு வந்துவிட்டதாகவே களஞ்சியம் நம்பினார்,
ஒரே ராத்திரியில்.

எமரிட் சண்டையில் இல்லை.
விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.
எரநூறு லிட்டர், முப்பது ரூபாய் மிச்சம், ஆறாயிரம்.
ஆறு பேர். தலைக்கு ஆயிரம்.
நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.
கடைவாயில் இரண்டு பல் இல்லை,
இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கண்டேன்.

பேரல்மேல் ஏறினேன்.
கம்பி கிடைக்கவில்லை.
தலையிலிருந்த ஹேர்பின்னைக் கழற்றி
ஆறைத் திருப்பிப் பிடித்துச் சொருகினேன்.
கீழே கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
சந்தைப் பக்கம் யாரோ, விஷயம் தெரியாமல்,
சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.
அது முடியும்வரை எல்லோரும் நின்றோம்.

பிறகு இரண்டு கட்சியும் முதல் தடவையாக
ஒரே குரலில் திட்டின,
என்னை.

"நாங்க போய் வர்ற வரைக்கும்
அப்படியே தொங்க விட்டிருக்கலாமே, தாயீ."
எமரிட் கேனை வரிசையில் வைத்தார்.
"பைசா எவ்வளவு?"

நாற்பத்தேழு என்றேன்.