இடக்கை முடிச்சு

ரும்ஃபி மாவட்ட மருத்துவமனையில்
நள்ளிரவுக்கு மேல்தான் டேட்டா மலிவு.
பன்னிரண்டு அடித்ததும்
தாவோங்கா கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து
அறுவைப் பாடம் திறப்பாள்.
திரையில் யாரோ ஒருவரின் இரண்டு கைகள்
மணிக்கட்டோடு முடிந்துபோகும்.
முகமில்லை, குரல் உண்டு;
குரலும் அடிக்கடி கிணற்றில் விழும்.

நானும் சேர்ந்தேன்.
மயக்க மருந்து தருகிறவனுக்கு
முடிச்சு எதற்கென்று கேட்காதீர்கள்,
இலவசம் என்றார்கள்.
மூன்றாம் பாடத்தில் நான் உறங்கிவிட
காணொளி தானாக ஓடி முடிந்தது.
எனக்குச் சான்றிதழ் வந்தது.

அவளுக்கு வரவில்லை.
எதிரே உட்கார்ந்து காட்டிய கைகளை
கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்து,
கோப்பைக் காதில், கட்டில் காலில்,
கொசுவலைக் கிழிசலில்
ஐந்து மாதம் போட்டுப் பழகியதில்
வலம் இடமாகி
வித்தை முழுக்க இடக்கைக்குப் போய்விட்டது.
'வலக்கையால் செய்து மீண்டும் அனுப்பவும்.'
மூன்று முறையும் அதே வரி,
அதே முற்றுப்புள்ளி.

ஏப்ரலில் பாலம் மூழ்கிய இரவு.
முசூசுவுக்கு ஆம்புலன்ஸ் போகாது.
புகையிலைத் தோட்டத்திலிருந்து
சைக்கிள் கேரியரில் வந்த பெண்,
கருக்குழாய் வெடித்திருந்தது.
என் மானிட்டரில் அழுத்தம் அறுபது.
இருந்த ஒரே நல்ல கிளாம்ப் வழுக்கியது.
வலக்கையின் இரண்டு விரல்
வயிற்றுக்குள் எதையோ கிள்ளிப் பிடித்திருந்தது,
விட்டால் போச்சு.

நூலின் ஒரு முனையை நர்ஸ் ம்சிஸ்கா பிடிக்க
மறு முனையை எடுத்தது
இடக்கை.
யாரும் அதைக் கேட்கவில்லை.
ஆள்காட்டி விரல் மடங்கி
நூலுக்கு அடியில் நுழைந்து
இறங்கியது, இறுகியது.
இன்னொன்று.
இன்னும் ஒன்று.

அங்கே நிறுத்திப் பார்க்கப் பொத்தான் இல்லை
என்று எழுதத்தான் எனக்கு ஆசை.
ஆனால் அவள்
எதையும் நிறுத்த நினைத்தவளாகத் தெரியவில்லை.
மானிட்டரைப் பார்க்க வேண்டியவன் நான்
கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"எவ்வளவு?" என்று அதட்டினாள்.
எழுபத்திரண்டு என்றேன், பார்க்காமல்.
பிறகு பார்த்தேன்.
அறுபத்தெட்டு.
ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில்
கட்டில் காலில் நூல் கட்டி
நான்காம் முறை படம் பிடித்தாள், வலக்கையால்.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்துபோல்
உருண்டு உருண்டு,
நாக்கைக் கடித்துக்கொண்டு.
தேர்ச்சி என்று பதில் வந்தது.
கைப்பேசியைக் காட்டி
விழுந்து விழுந்து சிரித்தாள்.

நேற்றிரவு என் கொசுவலைக்குள்
இடக்கையால் நானும் முயன்றேன்.
முதல் முடிச்சு நின்றது.
இரண்டாவதன் நடுவில் மின்சாரம் போயிற்று.
இருட்டில்
நூல் எந்தக் கையில் இருக்கிறதென்று
வெகுநேரம் தெரியவில்லை.