கொக்கி வைக்கவா

ஃபயாஸ் பாய் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
லோடு ரசீதின் பின்பக்கம்.
மேலே ஒரு டீசல் வட்டம், ஓரத்தில் மஞ்சள் விரல்.
சைஸ் கேட்டார். பிறகு குரலைத் தணித்து,
"மாலை போடக் கொக்கி வைக்கவாம்மா?
எழுதினவர் எப்ப தவறினாரு?"

இல்லை பாய், அப்பா நன்றாகத்தான் இருக்கிறார்.
இந்நேரம் பழையபேட்டையில்
டீ ஆறிவிட்டதென்று யாரையாவது
திட்டிக்கொண்டிருப்பார்.

பாய் சிரிக்கவில்லை.
சாமி, கல்யாணம், செத்தவங்க,
முப்பது வருஷமாய் இந்த மூணுக்குத்தான் சட்டம் போடறேன்,
கொள்ளுச் சாறுக்குப் போட்டதில்லை என்றார்.
விலை மட்டும் சாமி படத்து விலை.

*

காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான்:

கொள்ளு ரெண்டு கை. உன் கை இல்லை, என் கை.
தொப்பூரில் ஊறப்போட்டால்
சூளகிரியில் பதமாக இருக்கும்.
மாதப்பன் பத்து டயரையும் தட்டிப் பார்த்து,
குளித்து, பீடி குடித்து,
வீட்டுக்குப் போன் பேசி வரும்வரை வேகணும்.
தண்ணியைக் கொட்டிவிடாதே. சாறே அதுதான்.
சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய் நசுக்கு.
நசுக்க ஒன்றும் இல்லையென்றால் ஜாக்கி ராடு, கழுவிட்டு.
புளி கோலிக்குண்டு அளவு.
உப்பு கூடவே போடு, வேர்க்கும்.
காற்றடிக்கிற பக்கம் அடுப்பை வைக்காதே.

நான் அப்போது இருந்தது
தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜன்னல் திறக்காத அறையில்,
நர்சிங் படிக்கும் மூன்று பேர், ஒரு கரண்ட் அடுப்பு.
மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று
போனில் ஒருதரம் அழுததற்கு
யாரோ ஒரு டிரைவர் கையில் கொடுத்தனுப்பிய காகிதம்.
தட்ட டயர் இல்லை.
விசாலி குளிக்கும் நேரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டோம்.
அவள் தலைக்குக் குளித்தால்
கொள்ளு குழைந்துபோகும்.

*

புது ஆணிக்கு வீட்டுக்காரர் ஒப்பமாட்டார்.
ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. அதில்
கணவர் வாங்கி மாட்டிய பலகை,
ஆவி பறக்கும் காபி, கீழே இங்கிலீஷில் ஒரு வாக்கியம்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
எங்கள் வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை.

அப்பாவை மாட்டினேன்.
அப்பாவை என்றா சொன்னேன்?
ரசீதை மாட்டினேன்.
ராகி மாவு டப்பாவுக்கு நேர்மேலே.
பையன் தன் சிநேகிதர்களைக் கூட்டிவந்து
ஜாக்கி ராடு வரியை மட்டும்
உரக்கப் படித்துக் காட்டுகிறான்.

*

ஞாயிற்றுக்கிழமை வந்தார் திம்மராயன்.
களி உருண்டையில் குழி பறித்துச் சாறு ஊற்றி
இரண்டு உருண்டை, பேச்சே இல்லை.
கை கழுவ வந்தவர் கண்ணாடிக்கு முன் நின்றார்.
தன் கையெழுத்தைக் கண்டுகொள்ள
கொஞ்சநேரம் ஆனது போலிருந்தது.
சட்டத்தின் மேல்விளிம்பைத் தடவினார்.
பாயின் கேள்வி எனக்கு ஞாபகம் வந்து
அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தப்பா இருக்கு."

எது?

"சூளகிரி. அது அந்தக் காலத்து ரோடு.
இப்ப மேம்பாலத்துல ஏறினா இறங்கறதே தெரியல.
சூளகிரிக்குள்ள கொள்ளு ஊறாது.
ஓசூர்னு போடணும்."

பையனிடம் ஸ்கெட்ச் பேனா வாங்கி
கண்ணாடி மேலேயே
சூளகிரியை அடித்தார், ஓசூர் எழுதினார்,
பச்சையில், கொட்டை எழுத்தில்.
பிறகு மீதியையும்
விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார்.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று
பிரஷர் மாத்திரை போடுகிறவர்
உப்பு வரியில் நின்று, என்னைப் பார்த்து,
தொடாமல் கீழே போய்விட்டார்.

*

திங்கட்கிழமை குக்கர் ஆவியில்
ஓசூர் ஒழுகிப் புளிக்கு மேல் வந்து நிற்கிறது.
துடைத்தேன்.
மறுபடி சூளகிரி.

பச்சைப் பேனாவை ஃப்ரிட்ஜ் மேல்
பையன் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறேன்.