இரவு பத்து மணி ஆட்டம்

பார்படோஸில் காலை பத்துக்கு முதல் பந்து விழுந்தால்
தஞ்சோங் பகாரில் அது இரவு பத்து.
கணக்கு நேர் பாதி.
கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை,
தூக்கத்தைத் திருப்பினால் போதும்.

அப்போது நான் கிரேன் ஓட்டினேன்.
நூறடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு,
காலுக்குக் கீழே கப்பல்,
மடியில் பேட்டரி தீரப்போகும் சிற்றலை ரேடியோ.
தூக்கும்போது இரைச்சல், இறக்கியதும் தெளிவு.
அதனால் அவர்கள் எடுத்த விக்கெட்டுகளில் பாதி
எனக்குப் பெட்டி தரையைத் தொட்ட பின்தான் விழுந்தன.

நான்கு பேர் ஓடி வருவார்கள்.
ஒருவர் களைத்தால் அடுத்தவர், அவரைவிட வேகமாக.
எதிரணி என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை,
ஹெல்மெட்டுகள்தான் இருந்தன.
"இவை தோக்கிறதைப் பாக்க எங்கட ஆயுசு காணாது"
என்றார் ஃபோர்மேன் குலசிங்கம்.
மழை வரும் என்று அவர் சொன்னால் வரும்.

சிங்கப்பூர்க்காரனுக்கு அங்கே என்ன வேலை?
மாமன் மச்சான் யாருமில்லை அந்தத் தீவுகளில்.
ஒருநாள் வரைபடத்தில் தேடினேன்.
எங்களைப் போலவே புள்ளிகள்,
நாடா, சிந்திய மையா என்று
துடைத்துப் பார்க்கத் தோன்றும் புள்ளிகள்.
அவை சேர்ந்து வந்து
பெரிய நாடுகளின் விலா எலும்பைக் குறிபார்த்தன.
போதாதா?

பிறகு ஏழரைக்கு மெல்பர்ன் வந்தது.
இரவு ஷிப்ட் முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்தால்
ரொட்டி பிராட்டா ஆறுவதற்குள்
பச்சைத் தொப்பிகள் பாதி வேலையை முடித்திருக்கும்.
வெறுக்க ஆசைப்பட்டேன்.
அத்தனை சுத்தமாக வேலை செய்கிறவர்களை
ஒரு கிரேன் ஓட்டுநர் எப்படி வெறுப்பான்?

இடையில் ஓர் ஏப்ரல், பாடாங்குக்கே வந்தது ஆட்டம்.
உலகக் கோப்பையோடு இலங்கை
மூன்று வாரம்தான் பழகியிருந்தது.
பந்துகள் பறக்கப் பறக்க
குலசிங்கம் குடையை விரித்தார், மூடினார், விரித்தார்.
மழையே இல்லை.
யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு என்ன ஆனதென்று
தெரியாத வருடம் அது.
"கை தட்டலாமோ தெரியேல்ல தம்பி" என்றவர்
தட்டிக்கொண்டேதான் சொன்னார்.

இப்போது நண்பகல் பன்னிரண்டு,
இந்தியாவுக்கு நேரம். நல்ல நேரமும்தான்.
தேக்காவில் நீலச் சட்டை மூன்று முப்பது வெள்ளி.
பணமும் பட்டியலும் அந்தப் பக்கமே சாய்கின்றன.
"நாமதாம்பா நம்பர் ஒன்" என்கிறான் மகன் இளமாறன்,
தேசிய சேவைச் சீருடையை
மூங்கில் கழியில் காயப்போட்டுக்கொண்டே.
'நாம' யாரென்று நான் கேட்கவில்லை.
சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது,
கீழ்வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

தஞ்சோங் பகாரில் இன்று என் கிரேன் இல்லை.
துறைமுகம் துவாசுக்குப் போய்விட்டது,
அங்கே ஓட்டுநர் இல்லாமலே வண்டி ஓடுகிறதாம்.
நான் ஒரு காண்டோ வாசலில் இரவுக் காவல்.
பத்தடித்தால் கை தானாக ஃபோனைத் தேடும்.

ஒரு ஜூலை விடிகாலை
அவர்கள் முப்பதைத் தொடாமல் சுருண்டார்கள்.
ஒருவர் இல்லை, அணி.
குப்பைத்தொட்டி தள்ளிவந்த ஷஃபிகுல் எட்டிப் பார்த்தான்.
விடுதியில் பொறுக்கிய தமிழில்
"பாவம் அண்ணே. சின்ன டீமா?" என்றான்.
குமில்லாக்காரன், இருபத்துநாலு வயது.
அவன் அறிந்த நாள்முதல் அவர்கள் இப்படித்தான்.

வாயைத் திறந்தேன்.
கூண்டு, நான்கு பேர், ஹெல்மெட்டுகள்.
இரைச்சல்தான் வந்தது.
"ஆமா" என்றேன், "சின்ன டீம்."
அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.
"அப்போ எங்கமாதிரி. அடுத்தவாட்டி நாங்க ஜெயிப்போம்."
ஒரு சக்கரம் கிறீச்சிட
தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

மணி ஐந்தேகால்.
ஸ்கோர் அட்டையை நான் இன்னும் மூடவில்லை.
எதிரணி கொடுத்த உதிரி ரன்களைக்
கழித்துப் பார்த்தேன்,
எதற்கென்று தெரியாமல்.