பெயர் வரவேண்டிய இடம்

லூதியானாவில் புறப்படும்போது இரவு ஒன்றரை.
டிசம்பர் கடைசி.
குர்பிந்தரின் பழைய ஆல்டோவில்
ஹீட்டர் என்பது ஒரு பொத்தான், அவ்வளவே.
முன்னிருக்கையில் நான், மடியில் ஃப்ளாஸ்க்.
பின்னால் சலேத் மேரி,
இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஆஸ்பத்திரிக் கம்பளி சுற்றி
யாரோ அனுப்பிவைத்த பார்சல் போல.

யாருடைய பதவியேற்பு என்றால்
எங்களுடையது இல்லை.
தில்லிக்குப் புது முதலமைச்சர்;
எங்கள் மூவருக்கும் தில்லியில் ஓட்டு கிடையாது.
சலேத்துக்கு எங்குமே கிடையாது.
தூத்துக்குடிப் பட்டியலில்
இடம்பெயர்ந்தவர் என்று அடித்துவிட்டார்கள்.
லூதியானாவில் ஒரு வருஷம் வந்தது:
ஷலத் மோரி, ஆண், வயது 61.
அடுத்த வருஷம் அவரும் இல்லை.
"செத்துட்டார் போல" என்றாள்.
மூன்று பேருக்கு நைட் ட்யூட்டி பார்த்துத்தான்
இந்த ஒரு நாளை வாங்கியிருந்தாள்.
"மை வைக்காத கை. தட்டவாவது கொண்டுபோறேன்."

அம்பாலா தாண்டியதும் உலகம் முடிந்தது.
பனி என்று தமிழில் சொன்னால்
புல் நுனியில் ஒரு துளி நினைவுக்கு வரும்.
இந்தப் பனிக்கு அந்தச் சொல் போதாது.
ஈரச் சுவர். அதில் மோதி
எங்கள் விளக்கே எங்களைத் திரும்பிப் பார்த்தது.
முன்னால் ஒரு லாரி,
பின்விளக்கு இரண்டில் ஒன்றுதான் எரிந்தது.
அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர்.
ஒருமுறை அவர் ஒதுங்கப்போக ஓரம் கட்டினார்.
நாங்களும் ஓரம் கட்டி
மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பானிப்பட்டில் அவர் இடப்பக்கம் திரும்பிப் போனபோது
குர்பிந்தர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்து
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

முர்தலில் பராட்டா.
வெண்ணெய் உருகி முடியும்வரை
அதன்மேல் உள்ளங்கைகளைக் காட்டினோம்.

ராம்லீலா மைதானத்துச் சோதனைத் தடுப்பில்
ஃப்ளாஸ்க் போனது, பேனா போனது,
சலேத்தின் கறுப்பு மஃப்ளரும் போனது.
கறுப்பாக எது இருந்தாலும் கொடியாகிவிடுமாம்.
கைக்குட்டையை முகத்தோடு சேர்த்துக் காதில் கட்டிக்கொண்டாள்.

மேடை தீப்பெட்டி அளவு.
அதில் அசைந்தது யார் யார் என்று
பெரிய திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.
திரை பார்க்கவா முந்நூறு கிலோமீட்டர் என்று
மூவரில் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள்.
உறுதிமொழியின் முதல் சொல்: நான்.
ஒலிபெருக்கி அதைச் சொன்னது.
அடுத்து பெயர் வரவேண்டும்.
ஒரு கீச்சல், ஒரு வெடிப்பு,
பிறகு உதடுகள் மட்டும் திரையில்.
மைதானமே காது நீட்டிய அந்த இடைவெளியில்
அப்பாவின் தோளிலிருந்த பொடியன் ஒருவன்
"டிங்கூ!" என்று கத்தினான், தன் பெயரை.
எங்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது,
தடியூன்றி நின்ற போலீஸ்காரர் உட்பட.
சலேத் சிரிக்கவில்லை.
கைக்குட்டைக்குள் அவள் வாய் அசைந்தது.
என்னவென்று நான் கேட்கவில்லை.
மைக் உயிர்பெற்றபோது
அரசியல் சாசனம் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

கை தட்டினாள்,
கம்பளிக் கையுறையோடு, சத்தமே வராமல்.
எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினாள்.

வெளியே வந்தால் மஃப்ளர்கள் ஒரு குன்று.
அவளுடையது அகப்படவில்லை.
வேறொன்றை எடுத்துக்கொள் என்றேன்,
மாட்டேன் என்றாள்.

சிங்கு தாண்டும்போது
மூன்று பேர் மூச்சும் கண்ணாடிகளை மூடியது.
பின்கண்ணாடியில் விரலால் எழுத ஆரம்பித்தாள்,
தமிழில், பெரிது பெரிதாக.
சலேத் மே வரை வந்திருந்தது.
"பின்னால ஒண்ணும் தெரியல" என்று
குர்பிந்தர் திரும்பாமலே துணியை நீட்டினாள்.
சலேத் வாங்கித் துடைத்தாள்.
"இப்போ?"
"இப்போ தெரியுது."